பெண்களின் ஓய்வுக்கால நிதி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேர்ப்பது பற்றிப் பெண்களோடு உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இதே ஐயங்கள் எழுகின்றன. மற்றவர் முன்னால் கேட்கத் தயங்கி, கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்து மெதுவாகக் கேட்கப்பட்ட கேள்விகளும் இவற்றில் உண்டு. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். உதாரணக் கணக்குகள் எந்த நாணயத்துக்கும் பொருந்தும் என்பதால் நாணயத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. வரி விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அவற்றையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

1. ஓய்வுக்காலத் திட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே? பெண்களுக்கென்று தனியாக எதற்கு?

கொள்கைகள் எல்லாருக்கும் ஒன்றுதான். கணக்கில் இடவேண்டிய எண்கள்தான் வேறு. உலக அளவில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாகச் சுமார் 5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். சம்பளம் பெறும் ஆண்டுகளோ அவர்களுக்குக் குறைவு. உலகில் ஊதியமின்றிச் செய்யப்படும் பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் முக்கால் பங்கைப் பெண்களே செய்கிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்கிட்டது. பெண்களின் உழைப்புச் சந்தையை ஆராய்ந்து 2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், இன்றைய ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகே தோன்றுகிறது என்று காட்டினார்.

பல ஓய்வூதியத் திட்டங்கள் சம்பளத்தையும் பணியாண்டுகளையும் பெருக்கியே ஓய்வூதியத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு பெண்ணின் சம்பளம் 20 சதவீதம் குறைவாகவும் பணியாண்டுகள் 25 சதவீதம் குறைவாகவும் இருந்தால், ஓய்வூதியம் 40 சதவீதம் குறைந்துவிடும். ஏனென்றால் 80 சதவீதத்தில் 75 சதவீதம் என்பது 60தான். அந்தக் குறைந்த தொகையைக் கொண்டுதான் அவர் கூடுதலான ஆண்டுகளைக் கடக்கவேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்கள் எல்லாம் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் முயற்சிகளே.

2. பண விஷயம் எல்லாவற்றையும் கணவரே பார்த்துக்கொள்கிறார். நான் ஏன் தலையிட வேண்டும்?

அவர்மீது நம்பிக்கை இருக்கிறதா என்பதல்ல இங்குள்ள கேள்வி. அவர் அறிந்த விவரங்கள் உங்களுக்கும் தெரியுமா என்பதுதான். மனைவி கணவரைவிட 3 வயது இளையவராக இருந்து, மேலே சொன்ன 5 ஆண்டு வேறுபாடும் சேர்ந்தால், சராசரிக் கணக்கில் 8 ஆண்டுகள் அவர் தனியாக இருக்க நேரிடும். வங்கிக்கு முதன்முறையாகத் தனியே செல்லும் நாள் துக்க வாரமாக அமைந்த பெண்களைச் சந்தித்திருக்கிறேன். எந்தக் காப்பீடு நடப்பில் இருக்கிறது, எந்தக் கடன் பாக்கி இருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்றே செய்யக்கூடியது இது: வங்கிக் கணக்குகள், முதலீடுகள், காப்பீடுகள், கடன்கள், ஓய்வூதியம், அவற்றின் ஆவணங்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரே தாளில் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். அதோடு, உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருக்கட்டும். கூட்டுக் கணக்கு சில இடங்களில் ஒருவரின் மரணத்துக்குப் பின் நடைமுறைகள் முடியும்வரை முடக்கப்படலாம். அந்த வாரங்களில் வீட்டுச் செலவு நிற்காது.

3. எனக்கு வருமானமே இல்லை. நான் எதைத் திட்டமிடுவது?

வீட்டில் ஒருவர் குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதால்தான் இன்னொருவரால் வெளியே சென்று முழுநேரமும் சம்பாதிக்க முடிகிறது. ஆகவே அந்த வருமானத்திலிருந்து உங்கள் பெயரிலும் மாதந்தோறும் ஒரு தொகை ஓய்வுக்காலத்துக்குச் செல்லவேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதாகாது. மீதி இருந்தால் சேர்க்கலாம் என்று விட்டுவிடாமல், வாடகையைப்போல மாதத்தின் தொடக்கத்திலேயே அதை ஒதுக்கிவிடுவது நல்லது.

சில அரசுகள் இந்த உழைப்பை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் 3 ஆண்டுகளை ஜெர்மனி பெற்றோரில் ஒருவரின் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கிறது. 2008-ன் ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்குப் பின் சிலி நாடு, தாய்மார்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு ஒரு தொகையை ஓய்வூதியத்தில் கூட்டித் தருகிறது. உங்கள் நாட்டில் இப்படிப்பட்ட பராமரிப்புக்கால வரவு உண்டா, வேலையில் இல்லாதவர் தாமாகவே சந்தா செலுத்தலாமா என்று ஓய்வூதிய அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். உரிமை இருந்தும் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும் இடங்கள் உண்டு.

4. குழந்தைக்காக ஏழு ஆண்டுகள் வேலையை விட்டேன். அதில் எவ்வளவு போயிருக்கும்?

சம்பளத்தை விட்டுவிட்டுச் சேமிப்பை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் 25 வயதிலிருந்து 60 வரை ஆண்டுக்கு 12,000 வீதம் சேமிக்கிறார், அது ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்கிறது என்று கொண்டால், 60 வயதில் ஏறத்தாழ 20,68,000 சேர்ந்திருக்கும். அதே பெண் 30 முதல் 37 வயதுவரை சேமிப்பை நிறுத்தினால் ஏறத்தாழ 14,39,000தான் சேரும். விடுபட்டவை 35 ஆண்டுகளில் 7, அதாவது 20 சதவீதம். குறைந்த தொகையோ 30 சதவீதம். தொடக்க ஆண்டுகளில் போடும் பணத்துக்கே கூட்டு வட்டி நெடுங்காலம் வேலை செய்கிறது என்பதுதான் காரணம்.

இந்தப் பள்ளத்தை 37 வயதுக்குப் பிறகு நிரப்ப நினைத்தால், ஆண்டுக்கு 12,000க்குப் பதிலாக ஏறத்தாழ 22,300 செலுத்தவேண்டும். இடைவெளியின்போதே ஆண்டுக்கு 6,000 மட்டும் தொடர்ந்து செலுத்தியிருந்தால் இழப்பு சரிபாதியாகக் குறைந்திருக்கும். வேலையை விடுவது குடும்பம் சேர்ந்து எடுக்கும் முடிவு என்றால், அந்த 6,000-மும் குடும்ப வருமானத்திலிருந்தே வரவேண்டும். குழந்தை இருவருக்கும் உரியது. அதை வளர்ப்பதற்கான ஓய்வூதிய இழப்பை ஒருவர் மட்டுமே சுமப்பது நியாயமாகாது. இதைப் பேசவேண்டிய நேரம், வேலையை விடுவதற்கு முந்தைய மாதம்.

5. மொத்தத்தில் எவ்வளவு சேர்த்தால் போதும்?

வருமானத்திலிருந்து தொடங்காமல் செலவிலிருந்து தொடங்குங்கள். மூன்று மாதச் செலவை ஒன்றுவிடாமல் எழுதினால் ஆண்டுச் செலவு ஓரளவு தெரிந்துவிடும். அதிலிருந்து, வாழ்நாள் முழுவதும் உறுதியாக வரக்கூடிய ஓய்வூதியத்தைக் கழித்தால், மிஞ்சுவதுதான் உங்கள் சேமிப்பு ஈடுகட்டவேண்டிய தொகை.

1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், அந்நாட்டின் பழைய சந்தை விவரங்களை ஆராய்ந்து, முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதத்தையும், பின்னர் ஒவ்வோர் ஆண்டும் அதே தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தியும் எடுத்தால் பணம் 30 ஆண்டுகளாவது தாங்கும் என்று கண்டார். ஆண்டுத் தேவையின் 25 மடங்கு சேர்க்கவேண்டும் என்று பலரும் சொல்வதற்கு இதுவே அடிப்படை. ஆனால் அது ஒரே ஒரு நாட்டின் வரலாற்றிலிருந்து, 30 ஆண்டுகளுக்காகப் போடப்பட்ட கணக்கு. 55 வயதில் ஓய்வுபெற்று 92 வயதுவரை வாழக்கூடிய ஒரு பெண்ணுக்கு 30 ஆண்டுகள் போதாது. 3.5 சதவீதம் என்று வைத்தால் ஏறத்தாழ 29 மடங்கும், 3 சதவீதம் என்றால் 33 மடங்கும் தேவை. என் கருத்தில், பெண்கள் 30 மடங்கைக் குறியாகக் கொள்வது பாதுகாப்பானது.

அந்தத் தொகையைப் பார்த்து மலைத்துப்போய்த் திட்டத்தையே கைவிட்டவர்கள் உண்டு. பாதி சேர்ந்தாலும் அது பாதித் தேவையைத் தீர்க்கும் என்பதை மறக்கவேண்டாம்.

6. வங்கியில் போட்டால் பத்திரமாக இருக்குமே, பங்குச் சந்தைக்கு ஏன் போகவேண்டும்?

வங்கியில் போட்ட தொகை அப்படியே இருக்கும். அது வாங்கும் பொருளின் அளவு குறைந்துகொண்டே வரும். 72 என்ற எண்ணை ஆண்டுச் சதவீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும்; லூகா பாச்சோலி 1494-ல் வெளியிட்ட கணித நூலிலேயே இந்த வழி இடம்பெற்றிருக்கிறது. பணவீக்கத்துக்கும் இது பொருந்தும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், 12 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகும். 60 வயதில் ஓய்வுபெறும் பெண்ணுக்கு 72 வயதில் பாதியும் 84 வயதில் காற்பங்கும்தான் மிஞ்சும். நீண்ட ஆயுள் உள்ளவருக்குப் பணவீக்கம் செய்யும் கேடு அதிகம் என்பதால், சேமிப்பு முழுவதையும் வைப்பு நிதியிலேயே வைத்திருப்பதும் ஓர் ஆபத்துதான்.

பங்குச் சந்தையின் ஆபத்து வேறு விதமானது. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் பாதிக்கும் மேல் சரிந்து, 2013-ல்தான் பழைய உச்சத்தை மீண்டும் தொட்டது. பாதியாகச் சரிந்த பணம் பழைய நிலைக்கு வர இரு மடங்காக வளரவேண்டும். இடையில் செலவுக்காக விற்றுவிட்டவருக்கு அந்த வளர்ச்சியில் பங்கில்லை. ஆகவே பணத்தை அது தேவைப்படும் காலத்தை வைத்துப் பிரியுங்கள். அவசரச் செலவுக்கான ஆறு மாதத் தொகையும், அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் தேவைப்படும் பணமும் வைப்பு நிதியிலும் நல்ல கடன் பத்திரங்களிலும் இருக்கட்டும். பத்து ஆண்டுகளுக்குப் பிறகே தொடப்போகும் பணத்துக்கு, ஒரு குறியீட்டிலுள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும், குறைந்த கட்டணமுள்ள இண்டெக்ஸ் ஃபண்டு பொருந்தும்.

7. தங்கம் போதாதா?

ஒரு சிறு பகுதியாக இருக்கலாம். 1980 ஜனவரியில் தொட்ட டாலர் விலையை உலகச் சந்தையில் தங்கம் மீண்டும் எட்டியது 2008 ஜனவரியில்தான். இடையிலிருந்த 28 ஆண்டுகளில் அது வட்டியோ ஈவுத்தொகையோ தரவில்லை. நகையாக இருந்தால் செய்கூலி திரும்பக் கிடைக்காது; விற்க மனமும் வராது.

8. எனக்கு 45 வயதாகிவிட்டது. இனிமேல் ஆரம்பித்து என்ன பயன்?

45-லிருந்து 85 வரை இன்னும் 40 ஆண்டுகள் இருக்கின்றன. நான்காம் கேள்வியின் அதே 8 சதவீதக் கணக்கில், 45 வயதில் தொடங்குபவர் ஓய்வை 60-லிருந்து 65-க்குத் தள்ளினால் சேரும் தொகை ஏறத்தாழ 68 சதவீதம் கூடும். அந்தப் பணம் தாங்கவேண்டிய ஆண்டுகளும் ஐந்து குறையும். உடல்நலமும் வேலையும் இடம்கொடுத்தால், தாமதமாகத் தொடங்கியவருக்கு இதைவிட வலிமையான வழி எனக்குத் தெரியவில்லை. முழுநேர வேலைதான் என்றில்லை. ஐந்து ஆண்டுகள் பகுதிநேரமாகச் சம்பாதித்து, சேமிப்பைத் தொடாமல் இருந்தாலே நிலைமை பெரிதும் மாறும்.

விட்டுப்போன ஆண்டுகளை ஒரே பாய்ச்சலில் பிடிக்க நினைத்து, மாதம் 3 சதவீதம், 5 சதவீதம் என்று உறுதிசொல்லும் திட்டங்களில் மட்டும் இறங்காதீர்கள். மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கும் மேல். எந்த நேர்மையான தொழிலும் அதை உறுதியாகத் தரமுடியாது. இந்த வலையில் அதிகம் சிக்குபவர்கள், தாமதித்துவிட்டோமே என்று கலங்குபவர்கள்தான்.

9. பிள்ளைகளின் படிப்புக்கா, என் ஓய்வுக்கா? எதற்கு முதலில் சேர்ப்பது?

தாயாக இருப்பவருக்கு இந்தப் பதில் கசக்கும்; ஆனாலும் ஓய்வுக்குத்தான் முதலில். படிப்புக்கு உதவித்தொகையும் கடனும் உண்டு, பிள்ளைகளுக்குச் சம்பாதிக்கும் காலமும் முன்னால் இருக்கிறது. கைப்பணம் முழுவதையும் படிப்புக்குச் செலவழித்த தாயின் முதுமைச் செலவு, அந்தப் பிள்ளை தன் குழந்தைகளை வளர்க்கும் அதே ஆண்டுகளில் அவர் தோளில் வந்து சேரும். இரண்டுக்கும் சேர்த்து வருவது நல்லது. ஒன்றை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் ஓய்வுக்கான சேமிப்பை நிறுத்தாதீர்கள்.

10. கணவரின் தொழில் கடனுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். அது என்னைப் பாதிக்குமா?

நீங்கள் இட்டது சாட்சிக் கையெழுத்து என்றால் பொதுவாகப் பாதிக்காது. இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ இட்டிருந்தால், கடனின் முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பாகலாம். பாதிக்கு மட்டும் என்று பலர் தவறாக எண்ணியிருக்கிறார்கள். மணமுறிவு ஏற்பட்டாலும் வங்கியோடு செய்த ஒப்பந்தம் தானாக முறிவதில்லை.

மனைவியர் விவரம் தெரியாமல் குடும்ப வீட்டை ஈடாக வைத்து ஒப்பமிட்ட வழக்குகள் அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபைவரை சென்றன. 1993-லும் 2001-லும் அளிக்கப்பட்ட தீர்ப்புகள், அப்படிப்பட்ட நிலையில் மனைவிக்குச் சட்ட ஆலோசனை கிடைப்பதைக் கடன் கொடுப்பவர் உறுதிசெய்யவேண்டும் என்று வரையறுத்தன. உங்கள் நாட்டில் அத்தகைய விதி இல்லாவிட்டாலும், அதையே உங்கள் சொந்த விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆவணத்தை ஒரு நாள் வீட்டில் வைத்துப் படித்து, கடன் வாங்குபவரைச் சாராத ஒருவரிடம் விளக்கம் கேட்ட பிறகே ஒப்பமிடுங்கள்.

11. ஓய்வுபெறும்போது "ஒருவருக்கு மட்டும்", "இருவருக்கும்" என்று இரண்டு பென்ஷன் சொல்கிறார்கள். முதலாவதில் தொகை அதிகம். எதை எடுப்பது?

திரண்ட தொகையைக் கொடுத்து வாழ்நாள் முழுவதும் மாதத் தொகை பெறும் ஏற்பாட்டில் இந்தத் தேர்வு வரும். முதலாவதில், யார் பெயரில் இருக்கிறதோ அவர் மறைந்ததும் தொகை நின்றுவிடும். இரண்டாவதில், மாதத் தொகை சற்றுக் குறைந்தாலும் துணைக்கு முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ தொடரும். கணவரின் ஓய்வூதியமே குடும்பத்தின் முதன்மை வருமானமாக இருந்தால், இரண்டாம் கேள்வியில் கண்ட அந்த எட்டு ஆண்டுகளை நினைத்து இரண்டாவதையே எடுங்கள். அமெரிக்காவில் 1984-ல் வந்த சட்டத்தின்படி, துணைக்குத் தொடரும் ஓய்வூதியத்தைக் கைவிடவேண்டுமானால் துணையின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். அதற்கு முன் மனைவிக்குத் தெரியாமலே அதைக் கைவிட முடிந்தது.

பெண்கள் தங்கள் பெயரில் வாங்கும்போது இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். அதிக காலம் வாழ்வார்கள் என்ற காரணத்தால் சில நாடுகளில் அதே தொகைக்குப் பெண்களுக்கு மாத வரவு குறைவாகவே தரப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 மார்ச் 1 அன்று அளித்த தீர்ப்பால், 2012 டிசம்பர் 21 முதல் அங்கே புதிய ஒப்பந்தங்களில் பாலினத்தை வைத்து இவ்வாறு வேறுபடுத்த முடியாது. மாத வரவு குறைவாக இருந்தாலும், எத்தனை வயதுவரை வாழ்ந்தாலும் பணம் வரும் என்ற உறுதி பெண்களுக்கே அதிகம் பயன்படும். எனவே அடிப்படைச் செலவுக்கு ஈடான அளவுக்கு மட்டும் இதை வாங்குவது தகும். விலைவாசியோடு உயரும் வகை கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

12. பிரிவது என்று முடிவாகிவிட்டது. வீட்டை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?

வீட்டின்மீது மனம் பற்றியிருக்கும் நேரத்தில் எடுக்கப்படும் இந்த முடிவைப் பற்றி நான் மிகவும் அஞ்சுகிறேன். வீடு வரியும் பராமரிப்பும் கேட்கும். மாத வருமானம் தராது. அதே வேளையில் கணவரின் பெயரிலுள்ள ஓய்வூதிய உரிமை, வீட்டுக்கு நிகரான மதிப்புள்ளதாகவே இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சொத்து என்பதால் பேச்சிலேயே வராமல் போய்விடும். ஜெர்மனி 1977-லும் கனடா 1978-லும் மணவாழ்க்கையின்போது சேர்ந்த ஓய்வூதிய உரிமைகளைப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தன. உங்கள் நாட்டின் சட்டம் இதை எப்படிக் கையாள்கிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டறிந்து, ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பை எழுத்தில் பெற்ற பிறகே வீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

13. எல்லாவற்றிலும் நாமினி நான்தான். அப்புறம் உயில் எதற்கு?

நாமினி என்பதன் பொருள் எல்லா இடங்களிலும் ஒன்றல்ல. சில நாடுகளில் படிவத்தில் பெயரிடப்பட்டவருக்கே பணம் சொந்தம்; உயிலில் வேறு பெயர் இருந்தாலும் அது செல்லாது. வேறு சில நாடுகளில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. சட்டப்படியான வாரிசுகளுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கவேண்டிய கடமை அவருக்கு உண்டு. உங்கள் நாடு எந்த வகை என்று அறிந்து, படிவமும் உயிலும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்கு முன் நிரப்பிய படிவத்தில் பெற்றோரின் பெயரே இன்னும் இருக்கலாம். இரண்டாம் கேள்வியில் சொன்ன தாளைத் திருத்தும் நாளில் இதையும் சரிபாருங்கள்.

14. நான் தனியாக வாழ்பவள், பிள்ளைகள் இல்லை. எனக்கே நினைவு தடுமாறினால் என் பணத்தை யார் பார்ப்பார்கள்?

இதை 50 வயதில் கேட்பவர்கள் சரியான நேரத்தில் கேட்கிறார்கள். நினைவு தடுமாறிய பிறகு இடும் கையெழுத்து செல்லாது. அப்போது நீதிமன்றம்தான் ஒருவரை நியமிக்கவேண்டியிருக்கும். நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு உரிமை தரும் சாதாரண அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் சிந்திக்கும் திறனை இழந்ததும் பல நாடுகளில் காலாவதியாகிவிடுகிறது. அதன்பிறகும் நீடிக்கும் வகை உங்கள் நாட்டில் உண்டா என்று கேட்டு, இருந்தால் அதையே எழுதுங்கள். முடிந்தால் இருவரைப் பெயரிட்டு, பெரிய தொகைகளுக்கு இருவரும் சேர்ந்து ஒப்பமிடவேண்டும் என்று வையுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களைவிடப் பத்து வயது இளையவராக இருக்கட்டும்.

தனியாக வாழ்பவருக்கு நோய்க்காலத்தில் கவனிப்பும் பணம் கொடுத்தே பெறவேண்டியதாக இருக்கும் என்பதால், ஐந்தாம் கேள்வியின் கணக்கில் கடைசி சில ஆண்டுகளின் செலவைச் சற்றுக் கூட்டியே போடுங்கள். வயது ஏற ஏறக் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மின்சாரம், வாடகை, காப்பீடு ஆகியவை தானாகவே செலுத்தப்படும்படி ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் பெயரிட்ட இருவரிடமும் அந்த ஒற்றைத் தாளின் நகலைக் கொடுத்து, கடவுச்சொற்கள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் உறையிலிட்டுத் தனியே வையுங்கள்.